ஒப்புரவாளர் ரோசன்வால்டு

ஈகையைப் போற்றாத நாடு இல்லை; மொழியும் இல்லை. பாரி முதலாய கடையெழு வள்ளல்களின் பெயர்களை நாம் இன்றும் மறவாமல் போற்றி வருகின்றோம். ஆயினும், கொடுத்தல் என்பது எங்கும் ஒரே தன்மையதாய் நிகழ்வதன்று. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னர் ஒப்புரவறிதல் என வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. இவ்வுலகில் தம்மோடு வாழும் மக்களைத் தம்மை ஒத்தவராக எண்ணி, அவர்க்குப் பயன்படுமாறு பொருளைச் செலுத்துவது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவர் கை மேலும் ஏற்பவர் கை கீழுமாக நிற்கும். ஒப்புரவிலோ இருவர் கைகளும் ஒரு நிரையில் நின்று ஒரு பளுவைத் தூக்கும்.

இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையால் விளங்கச் செய்த செல்வர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். நற்பணி ஒன்றிற்குத் தாம் ஒரு பங்கு தருவதாயின், அதன் பயனைப் பெறுவோரும் தம்மால் இயன்ற ஒரு பங்கைத் தருதல் வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. அக்கொள்கையால் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகள் எழுந்தன. அவர் பெயர் ஜூலியஸ் ரோசன்வால்டு.

இளமை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகர் உள்ளது. அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கன், குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன் பல்லாண்டுகள் வாழ்ந்த நகர் அது. லிங்கனின் இல்லத்திற்கு மிக அணித்தாகிய ஓர் இல்லத்தில், 1862ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் ரோசன்வால்டு பிறந்தார். அவ்வமயம் லிங்கன் வாஷிங்டன் நகரிலிருந்து நாட்டை ஆண்டு வந்தார். அடிமை முறையின் பொருட்டு மூண்ட உள்நாட்டுப் போர் நாடெங்கும் குருதி பெருக்கிக்கொண்டிருந்தது.

ரோசன்வால்டின் தந்தையார் சாமுவேல், ஜெர்மனி நாட்டினின்றும் வந்து குடியேறிய யூதர். வந்த புதிதில் அவர் பொதி சுமந்து ஊர் ஊராகச் சென்று பொருள் விற்றுப் பிழைத்தார். பின்னர் ஸ்பிரிங்பீல்டில் ஆடைக் கடை வைத்தார். யூதர் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒதுக்கப்பட்டும் துரத்தப்பட்டும் அல்லற்பட்டவர். அத்துயர வரலாறு இளைஞர் ரோசன்வால்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. பிற்காலத்தில் அவர் வேறோர் இனத்தாரின் துயர் கண்டு உருகியதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு பயின்றதோடு அவருடைய பள்ளிக் கல்வி முடிவுற்றது. 1879ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கு நகருக்குச் சென்று, ஆடை வாணிகம் செய்துவந்த தம் தாய்மாமன்மாரிடம் தொழில் பயின்றார். 1885ஆம் ஆண்டில் சிகாகோ நகரை அடைந்து, கோடைக்கால உடைகள் தைத்து விற்கும் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். 1890ஆம் ஆண்டில் அகஸ்டா நுஸ்பாம் என்னும் நங்கையை மணந்தார். அவர்கட்கு மக்கள் ஐவர் பிறந்தனர். கல்லூரியின் வாயிலை மாணவராக மிதித்தறியாத ஒருவர், பிற்காலத்தில் கல்லூரிகள் பலவற்றிற்கு உறுதுணையாய் நின்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

வாணிகச் சிறப்பு

அக்காலத்தில் அமெரிக்க மக்களுட் பெரும்பகுதியினர் சிற்றூர்களிலும் தொலைவான பண்ணைகளிலும் வாழ்ந்தனர். அவர்கட்கு அருகில் இருந்த கடைகளில் பொருள் குறைவு, விலையோ மிகுதி. இக்குறையைக் கண்ட ரிச்சர்டு சியர்ஸ் என்பார், பொருள்களின் படமும் விலையும் அச்சிட்ட பட்டியல் நூலை வீடுதோறும் அனுப்பி, அஞ்சல் வழியாகவே வாணிகம் செய்யும் முறையைப் பெரிதும் வளர்த்தார். அவர் நடத்திய நிலையம் சியர்ஸ் ரோபக் என்பது. 1895ஆம் ஆண்டில் ரோசன்வால்டும் அவர் மைத்துனரும் 75,000 டாலர் தந்து அதிற் பாதிப் பங்கை ஏற்றனர்.

விளம்பரம் எழுதுவதில் சியர்ஸ் வல்லவர். ஆனால் உள்ளதை மிகைப்படுத்திக் கூறும் இயல்பினர். ஒழுங்கும் நேர்மையும் ரோசன்வால்டின் இயல்பு. பட்டியலிற் கூறியவாறே பொருள் இருத்தல் வேண்டும் என்றும், பிடிக்காத பொருளைத் திருப்பி அனுப்புவோர்க்குப் பணத்தை மறுக்காமல் தருதல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கண்ணாற் காணாத வணிகரை நம்பிப் பணம் அனுப்பும் உழவர்க்கு அந்நேர்மையே உறுதியாயிற்று. வாணிகம் ஆண்டுதோறும் பெருகியது. 1906ஆம் ஆண்டில் சிகாகோவில் மிகப் பெரிய பண்டகசாலை எழுந்தது. நிலையத்தின் பங்குகளும் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ரோசன்வால்டு பெருஞ்செல்வர் ஆனார். 1908ஆம் ஆண்டில் சியர்ஸ் விலகவே, தலைமைப் பொறுப்பு ரோசன்வால்டிடம் வந்தது.

செல்வம் சேர்ந்தபின் அதனை எவ்வாறு செலவிடுவது என்னும் வினா அவர்முன் எழுந்தது. பொருளை ஈட்டுவதினும் அதனை நன்முறையில் வழங்குவது அரிது என அவர் கண்டார்.

டஸ்கிகீயின் நட்பு

1908ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு நகரில் இனக் கலகம் ஒன்று மூண்டது. கறுப்பின மக்களின் இல்லங்களும் கடைகளும் எரியூட்டப்பட்டன. அவ்வினத்தார் சிலர் கும்பலின் கையில் உயிரிழந்தனர். லிங்கன் வாழ்ந்த ஊரிலேயே இக்கொடுமை நிகழ்ந்தது. அது ரோசன்வால்டு பிறந்து வளர்ந்த ஊரும் ஆகும். அடிமை முறை ஒழிந்து நாற்பது ஆண்டுகட்கு மேலாகியும், உரிமை என்பது ஏட்டளவில் நின்றதை நாடு கண்டது.

சில ஆண்டுகளில் புக்கர் வாஷிங்டன் எழுதிய தன்வரலாற்று நூல் ரோசன்வால்டின் கைக்கு எட்டியது. புக்கர் வாஷிங்டன் அடிமையாய்ப் பிறந்து, அருமுயற்சியாற் கற்று, 1881ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்னும் இடத்திற் கல்வி நிலையம் கண்ட பெரியார். அந்நூல் ரோசன்வால்டின் உள்ளத்தை அசைத்தது. 1911ஆம் ஆண்டில் இருவரும் சிகாகோவிற் சந்தித்தனர். அடுத்த ஆண்டில் ரோசன்வால்டு டஸ்கிகீ நிலையத்தின் அறங்காவலருள் ஒருவரானார். ஒருவர் பெருவணிகர்; மற்றவர் அடிமைக் குடிலிற் பிறந்த ஆசிரியர். இவ்விருவர் நட்பால் விளைந்த பயனை இனிக் காண்போம்.

அதற்கு முன்னரே ரோசன்வால்டு தம் கொள்கையை ஒரு பணியிற் செயற்படுத்தத் தொடங்கியிருந்தார். நகரங்களிற் கறுப்பின இளைஞர்க்குத் தங்குமிடமும் படிப்பகமும் அரியனவாய் இருந்தன. ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வாயிலாக அவர்கட்குக் கட்டடம் எழுப்ப எந்நகரத்தார் 75,000 டாலர் திரட்டுகின்றனரோ, அந்நகரத்திற்குத் தாம் 25,000 டாலர் தருவதாக அவர் அறிவித்தார். தருபவர் யூதர், சங்கமோ கிறித்தவர்க்கு உரியது, பயன்பெறுவோர் கறுப்பினத்தார். மதமும் இனமும் அவர் கையைத் தடுக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட நகரங்களில் இத்தகைய கட்டடங்கள் எழுந்தன.

ஊரும் பள்ளியும்

தென் மாநிலங்களிற் கறுப்பினச் சிறுவர் கல்வி பயின்ற நிலை இரங்கத்தக்கது. பல ஊர்களிற் பள்ளிக்கெனக் கட்டடமே இல்லை. மாதா கோயிலின் ஒரு மூலையிலோ, ஒழுகும் மரக் குடிலிலோ பாடம் நடந்தது. பருத்தி எடுக்கும் காலம் வந்தால் பள்ளி மூடப்படும். ஆண்டிற் சில திங்களே கல்வி. கறுப்பின மக்களும் வரி செலுத்தினர். எனினும், வாக்குரிமை அவர்களிடமிருந்து சூழ்ச்சியாற் பறிக்கப்பட்டிருந்தமையின், அவ்வரிப் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதில் அவர்கட்குக் குரல் இல்லை. வெள்ளையர் பள்ளிக்குச் செங்கற் கட்டடம் எழும். கறுப்பினத்தார் பள்ளிக்கு எஞ்சியதே கிடைக்கும்.

1912ஆம் ஆண்டில் ரோசன்வால்டு ஐம்பதாம் அகவையை எய்தினார். பிறந்த நாளில் விருந்தும் பரிசும் ஏற்காமல், பல நிலையங்கட்குப் பெருங்கொடை வழங்கினார். சிகாகோப் பல்கலைக்கழகத்திற்கு 2,50,000 டாலரும், டஸ்கிகீயின் வழியே தோன்றிய கல்வி நிலையங்கட்கென 25,000 டாலரும் அவற்றுட் சேர்ந்தன. இப்பிற்கூறிய தொகையிற் சிறுபகுதி எஞ்சியது. அதனைக்கொண்டு அலபாமாவின் சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாம் எனப் புக்கர் வாஷிங்டன் எழுதினார், ரோசன்வால்டு இசைந்தார்.

அப்பள்ளிகளுள் முதலாவது, லோச்சப்போகா என்னும் சிற்றூரில் 1913ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கணக்கை நோக்குவோம். மொத்தச் செலவு 942½ டாலர். அதில் ரோசன்வால்டு தந்தது 300 டாலர். அவ்வூர்க் கறுப்பின மக்கள் 150 டாலர் பணமாகவும், 132½ டாலர் மதிப்புள்ள உழைப்பாகவும் தந்தனர். எஞ்சிய 360 டாலரை அவ்வட்டாரத்து வெள்ளையர் தந்தனர். இச்சிறு கணக்கிற் பெரியதொரு கருத்து அடங்கியுள்ளது. அக்கட்டடத்தைப் பார்க்கும் எவரும் அதனைத் தமக்கு யாரோ இட்ட பிச்சை எனக் கருத இடமில்லை. அஃது ஊரார் அனைவர்க்கும் உரிமையான பொருள்.

கட்டட உறுப்புகளைத் தம் வாணிக நிலையத்திலிருந்தே ஆயத்தமாக அனுப்பலாமே என ரோசன்வால்டு முதலில் எண்ணினார். வணிகர்க்கு அஃது இயல்பான எண்ணம். புக்கர் வாஷிங்டன் அதனை ஏற்கவில்லை. ஊரில் வெட்டிய மரத்தை ஊரார் கையே இழைத்துப் பொருத்துதல் வேண்டும். அப்போதுதான் பள்ளி ஊரில் வேரூன்றும் என்பது அவர் கருத்து. ரோசன்வால்டு தம் எண்ணத்தைக் கைவிட்டார். பணம் தருபவர், பணம் பெறுபவரின் அறிவுக்குத் தலைவணங்கிய நிகழ்ச்சி இது.

ஆறு பள்ளிகள் நூறாயின, நூறு ஆயிரமாயின. 1915ஆம் ஆண்டிற் புக்கர் வாஷிங்டன் மறைந்த பின்னரும் பணி தளரவில்லை. 1917ஆம் ஆண்டில் ரோசன்வால்டு நிதி என்னும் நிறுவனம் தோன்றியது. 1920ஆம் ஆண்டில் பள்ளிப் பணிக்கெனத் தனி அலுவலகம் நாஷ்வில் நகரில் அமைந்தது. பள்ளி கட்ட விரும்பும் ஊரார் குறைந்தது இரண்டு ஏக்கர் நிலம் தேடித் தருதல் வேண்டும். தம் பங்குப் பணத்தைத் திரட்டுதல் வேண்டும். நிலமும் கட்டடமும் அரசின் பள்ளித் துறைக்கு உடைமையாதல் வேண்டும். அத்துறை பள்ளியை நடத்தவும் பேணவும் கடமைப்படுதல் வேண்டும். இவை நிதியின் விதிகள். இறுதி விதி மிகக் கூரியது. அதனால், அதுகாறும் பாராமுகமாய் இருந்த அதிகாரிகளும் தம் கடமையை ஏற்க நேர்ந்தது.

கட்டட வரைபடங்களும் நுட்பமாக அமைக்கப்பட்டன. மின்விளக்கு எட்டாத ஊர்கள் அவை. ஆதலின், கிழக்கும் மேற்கும் நோக்கிய உயர்ந்த சாளரங்களை வரிசையாக வைத்துக் காலை வெயிலும் மாலை வெயிலும் வகுப்பறையில் நிறையுமாறு செய்தனர்.

ஊரார் தம் பங்கைத் திரட்டிய வகையை எண்ணினால் நெஞ்சம் நெகிழும். அவர்களுட் பலர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத குடியானவர். விளைவிற் பெரும்பகுதியை நிலக்கிழார்க்கு அளந்தபின் அவர்களிடம் எஞ்சுவது சிறிதே. அச்சிறிதினின்றும் அவர்கள் பள்ளிக்குக் கொடுத்தனர். சிலர் தம் வயலில் ஒரு பாத்தியைப் பள்ளிக்கென ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்றுத் தந்தனர். மகளிர் உணவு சமைத்து விற்றுக் காசு சேர்த்தனர். ஆடவர் மரம் வெட்டினர். தச்சர் கூலியின்றி உழைத்தனர்.

பள்ளிப் பணிக்காக ஊர் ஊராகச் சென்ற அலுவலர் ஒருவர் எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. அலபாமாவிற் பொலிஜீ என்னும் ஊரில் மக்கள் கூடிப் பள்ளிக்குப் பொருள் திரட்டினர். அப்போது அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் முன்வந்தார். அழுக்கேறிய பழம்பை ஒன்றைத் தம் சட்டையினின்றும் எடுத்து மேசைமேற் கவிழ்த்தார். சில்லறைக் காசுகள் குவிந்தன. எண்ணிப் பார்த்தபோது 38 டாலர் இருந்தது. அவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பொருள் முழுவதும் அதுவே. அதனைத் தம் இனத்துக் குழந்தைகளின் கல்விக்கென அவர் கொடுத்துவிட்டார். எழுத்தறியும் உரிமை மறுக்கப்பட்ட காலத்திற் பிறந்தவர், எழுத்தறிவிக்கும் பள்ளிக்கு அனைத்தையும் ஈந்தார். சிகாகோச் செல்வரின் கொடை பெரிது என்றால், இம்முதியவரின் கொடையை எவ்வளவினது என்று கூறுவது?

1932ஆம் ஆண்டிற் பணி நிறைவுற்றபோது, 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் சேர்த்துக் கட்டடங்களின் தொகை 5,357. மொத்தச் செலவு ஏறத்தாழ 284 இலட்சம் டாலர். அதில் அரசின் வரிப்பணம் ஏறத்தாழ 181 இலட்சம். வெள்ளையர் தந்தது ஏறத்தாழ 12 இலட்சம். ரோசன்வால்டு நிதி தந்தது ஏறத்தாழ 44 இலட்சம். கறுப்பின மக்கள் தாமே தந்தது ஏறத்தாழ 47 இலட்சம். செல்வரின் பங்கினும் ஏழைகளின் பங்கே மிகுதி.

பணியாளரும் முதலாளியும்

உலகிற்கு வாரி வழங்கும் செல்வர், தம்மிடம் உழைப்பவரை எவ்வாறு நடத்தினார் என்று வினவுதல் முறையாகும். இவ்வினா ரோசன்வால்டை நோக்கியும் எழுந்தது. 1913ஆம் ஆண்டில் இல்லினாய்ச் சட்டமன்றக் குழு ஒன்று, அவருடைய நிலையத்திற் பணிபுரிந்த இளமகளிர்க்குக் குறைந்த ஊதியம் தரப்படுவது குறித்து அவரை அழைத்து வினவியது. செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை மறைத்தல் கூடாது.

1916ஆம் ஆண்டிற் பணியாளர்க்கெனச் சேமிப்பு நிதி ஒன்றை நிலையம் தொடங்கியது. இங்கும் இணைந்து கொடுக்கும் கொள்கையே அடிப்படை. விருப்பமுள்ள பணியாளர் தம் ஊதியத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் நிதியிற் சேர்த்து வருவர். நிலையம் ஆண்டுதோறும் தன் நிகர வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதத்தை அந்நிதிக்கு அளிக்கும். அவரவர் சேமித்த அளவிற்கேற்ப அத்தொகை பகிர்ந்து வைக்கப்படும். பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற எளிய பணியாளர் பலர், இதனால் முதுமையில் வறுமையின்றி வாழ்ந்தனர்.

1921ஆம் ஆண்டில் நாட்டில் வாணிகச் சரிவு நேர்ந்தது. பண்ணை விளைபொருள்களின் விலை வீழவே, உழவரை நம்பியிருந்த நிலையம் நிலைகுலையும் தறுவாயை எய்தியது. அப்போது ரோசன்வால்டு தம் சொந்தப் பொருளினின்றும் ஏறத்தாழ 2 கோடி டாலர் அளவிற்குப் பொறுப்பேற்று நிலையத்தைத் தாங்கினார். 1929ஆம் ஆண்டிற் பங்குச் சந்தை வீழ்ந்தபோது, கடன்பட்டுப் பங்கு வாங்கி அல்லலுற்ற தம் பணியாளரின் கணக்குகட்குத் தாமே பிணை நின்றார்.

கல்லூரிகளும் நிதியும்

சிற்றூர்ப் பள்ளிகள் பெருகவே, அவற்றிற்கு ஆசிரியர் தேவைப்பட்டனர். ஆசிரியரை ஆக்கும் கல்லூரிகள் வலிமை பெற்றாலன்றிப் பள்ளிகள் நிலைபெறா. ஆதலின், ரோசன்வால்டு நிதி உயர்கல்வியின்பாலும் கருத்தைச் செலுத்தியது. வாஷிங்டன் நகரின் ஹோவர்டு, நாஷ்வில் நகரின் பிஸ்க், நியூ ஆர்லியன்ஸ் நகரின் டில்லர்டு முதலாய கறுப்பினத்தார் பல்கலைக்கழகங்கள் அந்நிதியால் வளம் பெற்றன. திறன்மிக்க இளைஞர்க்கும் அறிஞர்க்கும் ஆய்வு உதவித்தொகைகளும் வழங்கப்பட்டன. இசையரசி மரியன் ஆண்டர்சன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அறிஞர் டு பாய்ஸ் ஆகியோர் அவ்வுதவி பெற்றவர்கள். 1950ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ப் பஞ்சும் அவர்களுள் ஒருவர்.

அறக்கட்டளை பற்றியும் ரோசன்வால்டு புதுமையான கருத்தினர். நிலவும் கதிரவனும் உள்ளளவும் நிலைக்குமாறு அறம் நிறுவுதல் நம் நாட்டுக் கல்வெட்டுகள் காட்டும் மரபு. அமெரிக்கச் செல்வரும் அவ்வாறே செய்து வந்தனர். ரோசன்வால்டு அதனை உடன்பட்டாரல்லர். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் துயரைத் தானே களைதல் வேண்டும். முன்னோர் வைத்த முதலை முடக்கி வைத்து வட்டியை மட்டும் செலவிடுதல் தக்கதன்று என அவர் கருதினார். ஆகவே, தாம் மறைந்து 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதையும் செலவிட்டு முடித்தல் வேண்டும் என 1928ஆம் ஆண்டில் விதித்தார். தம் பெயர் கட்டடங்களில் நிலைத்தல் வேண்டும் என்னும் விருப்பமும் அவர்க்கு இல்லை. அவர் பொருளுதவியால் சிகாகோவில் அறிவியல் தொழிற் காட்சிசாலை அமைந்தபோது, அதற்குத் தம் பெயரைச் சூட்டவேண்டா என மறுத்தார்.

1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் ரோசன்வால்டு இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படியே நிதி முழுதும் செலவிடப்பட்டு, 1948ஆம் ஆண்டில் நிறுவனம் மூடப்பெற்றது.

குறையும் நிறையும்

இப்பணியிற் குறையே இல்லையா என்று நீங்கள் வினவலாம். ஒரு குறை உண்டு. கறுப்பின மக்கள் வெள்ளையரைப் போலவே வரி செலுத்தினர். அவ்வரியிலிருந்து அவர்தம் மக்கட்குப் பள்ளி கட்டித் தருவது அரசின் கடமை. அவ்வாறிருக்க, அவர்கள் தம் பங்கு எனப் பொருள் திரட்டியது இரண்டாம் முறை வரி செலுத்தியதற்கு ஒப்பாகும். வெள்ளையர் பள்ளி வேறு, கறுப்பினத்தார் பள்ளி வேறு என்னும் அநீதியையும் நிதி நேர்நின்று எதிர்க்கவில்லை. அதற்கு உட்பட்டே பணிபுரிந்தது. இக்குறைகள் மெய்யானவை. இணைந்து கொடுக்குமாறு கேட்பவர், ஏற்போர் முன்னரே எவ்வளவு கொடுத்துள்ளனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம்.

எனினும், நீதி பிறக்கும் நாள்வரை ஒரு தலைமுறைக் குழந்தைகள் காத்திருத்தல் இயலாது. அவர்கட்கு அன்றே எழுத்து வேண்டும். அன்றே ஆசிரியர் வேண்டும். அத்தேவையை அப்பள்ளிகள் நிறைவேற்றின. அவற்றிற் பயின்ற சிற்றூர்ச் சிறுவர் அதற்கு முன்னிருந்தாரினும் மிகுதியான ஆண்டுகள் கல்வி கற்றனர் எனப் பொருளியல் அறிஞர் இருவர் ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை காட்டுகின்றது. எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும், குடியுரிமைப் போராட்டத்தில் முன்னின்ற ஜான் லூயிசும் அப்பள்ளிகளில் இளமைக் கல்வி பெற்றவர்களே. பிரித்து வைக்கும் பள்ளிமுறை சட்டத்திற்கு மாறானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிற்குப் பின்னர் அப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சி நின்ற கட்டடங்களைப் பேணும் முயற்சி, அவை அழியும் நிலையிலுள்ள அரிய சின்னங்கள் என 2002ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பின்னர் வலுப்பெற்றது.

அதே 1954ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வேறொரு வழக்கமும் தோன்றியது. ஜெனரல் எலக்ட்ரிக் என்னும் பெரிய தொழில் நிறுவனம், தன் பணியாளர் தாம் பயின்ற கல்லூரிக்குக் கொடை அளித்தால், அதற்கு ஈடான தொகையைத் தானும் அக்கல்லூரிக்கு அளிப்பதாக அறிவித்தது. பணியாளர் பத்து டாலர் தந்தால் நிறுவனமும் பத்து டாலர் தரும். பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழக்கத்தை மேற்கொண்டன. இங்கு எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது எனத் தெரிபவர் முதலாளி அல்லர், தொழிலாளி. எளியவர் ஒருவர் தம் ஆசிரியரையும் தாம் கற்ற இடத்தையும் நன்றியோடு எண்ணி முதற் காசை வைக்கின்றார். செல்வம் மிக்க நிறுவனம் அவர் காட்டிய வழியே தன் காசை வைக்கின்றது.

மாணவர்களே! செல்வர் கொடுப்பதும் வறியவர் பெறுவதும் உலக வழக்கு. ரோசன்வால்டு வறியவரையும் கொடுப்போர் வரிசையில் நிறுத்தினார். அவ்வாறு நின்றவர்கள் அவரினும் மிகுதியாகக் கொடுத்துத் தம் பெருமையை நிலைநாட்டினர். நீங்கள் பயிலும் பள்ளியிலும் யாரோ ஒருவர் நட்ட மரம் நிழல் தரும். யாரோ ஒருவர் தந்த நூல் நூலகத்தில் இருக்கும். அவ்வரிசையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. அதில் நிற்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை என்பதற்குப் பொலிஜீ ஊர் முதியவரே சான்று.